பழைய கேம் கன்சோலிலிருந்து விளையாட்டைப் பதிவுசெய்வது எப்படி: புதியவர்களுக்கான வழிகாட்டி

சூப்பர் நின்டெண்டோ நொடிக்கு 60 முறை முழுப் படத்தையும் புதிதாக வரைந்து அனுப்புகிறது. அதை ஒரு மலிவான யுஎஸ்பி கேப்சர் கருவியில் (கன்சோலின் படத்தைக் கணினிக்குள் கொண்டுவரும் கருவி) பதிவுசெய்து பார்த்தால் நொடிக்கு 30 படங்களே இருக்கும். ஓடுகிற பாத்திரத்தின் ஓரங்கள் சீப்புப் பற்கள்போலக் கிழிந்து தெரியும். அடிபட்டதும் மின்னி மின்னி மறைய வேண்டிய பாத்திரம் பாதி உருவமாக உறைந்து நிற்கும், அல்லது அடியோடு காணாமல் போயிருக்கும். கன்சோலும் கேபிளும் நன்றாகத்தான் இருக்கின்றன. வந்த சிக்னலை வேறொன்றாக எடுத்துக்கொண்ட கருவிதான் படத்தைக் கெடுத்தது.

பழைய கன்சோல் பதிவில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஒரே இடத்தில்தான் பிறக்கின்றன. எந்தக் கருவியை வாங்குவது என்று தேடத் தொடங்கும் முன் 240பி என்றால் என்ன என்பதை ஒருமுறை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். மற்ற முடிவுகள் எல்லாம் அதிலிருந்து தாமாகவே வந்துவிடும்.

240பி, 480ஐ

பழைய குழாய்த் தொலைக்காட்சி நொடிக்கு ஏறத்தாழ 60 ஃபீல்டுகளை வரையும். ஒவ்வொரு ஃபீல்டிலும் கண்ணுக்குத் தெரியும் கோடுகள் சுமார் 240. தொலைக்காட்சி ஒளிபரப்பில் ஒரு ஃபீல்டு ஒற்றைப்படைக் கோடுகளையும் அடுத்தது இரட்டைப்படைக் கோடுகளையும் கொண்டுவரும். இரண்டும் பின்னிப் பிணைந்து 480 கோடுகளாகத் தெரியும். இதுதான் 480ஐ. அந்தப் பின்னலை உண்டாக்குவது ஃபீல்டின் முடிவில் வரும் அரைக் கோட்டு இடைவெளி.

பழைய கன்சோல்கள் அந்த அரைக் கோட்டை விட்டுவிடுகின்றன. அதனால் எல்லா ஃபீல்டுகளும் ஒரே கோடுகளின் மேலேயே விழும். ஒவ்வொரு ஃபீல்டும் தன்னளவில் முழுமையான ஒரு படம். நொடிக்கு 60 படம், ஒவ்வொன்றிலும் 240 கோடு: இதற்குத்தான் 240பி என்று பெயர். ஐரோப்பா போன்ற இடங்களில் வழங்கிய பால் (PAL) தொலைக்காட்சி முறைக்கான கன்சோல்களில் இதே முறை நொடிக்கு 50 படம், 288 கோடு என்று வரும். அங்கே பின்னிய வடிவம் 576ஐ.

குழாய்த் தொலைக்காட்சிக்கு இரண்டும் ஒன்றுதான். ஒளிபரப்பையும் விஎச்எஸ் நாடாவையும் மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட டிஜிட்டல் கருவிகளுக்கு அப்படி இல்லை. அவற்றில் பல 240பி சிக்னலை 480ஐ என்றே எடுத்துக்கொண்டு, அடுத்தடுத்த இரண்டு படங்களை ஒன்றாகப் பின்னிவிடுகின்றன. நொடியில் அறுபதில் ஒரு பங்கு இடைவெளியில் நடந்த இரண்டு வெவ்வேறு கணங்கள் ஒரே பிரேமில் கலப்பதால்தான் ஓரம் கிழிகிறது. ஒரு பிரேம் தெரிந்து ஒரு பிரேம் மறையும் நிழல்கள், கேடயங்கள், மின்னும் பாத்திரங்கள் எல்லாம் இதில் சிதைந்துபோகும். அந்தக் காலத்து விளையாட்டுகள் பல ஒளி ஊடுருவும் தோற்றத்தை இப்படி மின்னவைத்தே உண்டாக்கின. நொடிக்கு 30 பிரேம் பதிவில் அதற்கு இடமே இல்லை.

நின்டெண்டோவின் என்இஎஸ், சூப்பர் நின்டெண்டோ, சேகாவின் மெகா டிரைவ் மூன்றும் ஏறக்குறைய எப்போதும் 240பி. விலக்குகள் உண்டு: சோனிக் 2-இல் இருவர் ஆடும் திரை பின்னிய வடிவில் வருகிறது. பிளேஸ்டேஷன் 1, சாட்டர்ன், நின்டெண்டோ 64 ஆகியவை பெரும்பாலும் 240பி தந்தாலும், சில விளையாட்டுகளில், சில திரைகளில் மட்டும் 480ஐ சிக்னலுக்குத் தாவும். பிளேஸ்டேஷன் 2-இல் 480ஐ ஆட்சி. டிரீம்காஸ்ட், கேம்கியூப், முதல் எக்ஸ்பாக்ஸ், வீ ஆகியவற்றில் சரியான கேபிள் இருந்தால் பல விளையாட்டுகளை 480பி சிக்னலாகவே, அதாவது பின்னாத முழு 480 கோடுகளாகவே பெறலாம். 480பி எடுப்பது எளிது. கடினமானது 240பி.

உங்கள் கன்சோல் என்ன தருகிறது

கேபிள்களின் தர வரிசை இது: மிக மோசமானது ஆர்எஃப், அதாவது ஆன்டெனா வழி. அடுத்து மஞ்சள் பிளக் கொண்ட காம்போசிட். அதற்கு மேல் எஸ்-வீடியோ. உச்சியில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாக அனுப்பும் ஆர்ஜிபியும், வெளிச்சத்தையும் நிறத்தையும் மூன்று கம்பிகளில் பிரித்து அனுப்பும் காம்பொனென்டும். காம்போசிட்டில் வெளிச்சமும் நிறமும் ஒரே கம்பியில் கலந்து வருவதால் பிரித்தெடுக்கும்போது ஓரங்களில் புள்ளிகள் ஊரும், சிவப்பு வழியும். எஸ்-வீடியோ இரண்டையும் தனித்தனிக் கம்பியில் அனுப்புகிறது. காம்போசிட்டிலிருந்து எஸ்-வீடியோவுக்கு மாறும்போது கிடைக்கும் முன்னேற்றம், எஸ்-வீடியோவிலிருந்து ஆர்ஜிபிக்கு மாறும்போது கிடைப்பதைவிடப் பெரியது. புதிதாகத் தொடங்குபவர் முதலில் பணம் போட வேண்டியது அந்தக் கேபிளில்தான்.

எந்தக் கன்சோலில் எது கிடைக்கும் என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். முன்பக்கம் கேட்ரிட்ஜ் செருகும் என்இஎஸ் ஆர்எஃப்பை விட்டால் காம்போசிட்டும் மோனோ ஒலியும் மட்டுமே தரும். என்இஎஸ்ஸின் ஜப்பானிய வடிவமான ஃபாமிகாம் 1983-இல் வந்தபோது அதில் ஆர்எஃப் மட்டும்தான். சூப்பர் நின்டெண்டோவின் முதல் வடிவத்தில் காம்போசிட், எஸ்-வீடியோ, ஆர்ஜிபி மூன்றும் ஒரே பின்பக்கத் துளையில் உண்டு. பின்னால் வந்த சிறிய வடிவத்தில் உள்ளே சாலிடர் வேலை செய்யாமல் காம்போசிட் மட்டுமே. நின்டெண்டோ 64-ஐப் பிரித்து வேலை செய்யாதவரை ஆர்ஜிபி வராது, அதற்கு எஸ்-வீடியோதான் உச்சம். கேம்கியூபில் எஸ்-வீடியோ என்டிஎஸ்சி (அமெரிக்கா, ஜப்பான் தொலைக்காட்சி முறை) வடிவத்துக்கு, ஆர்ஜிபி பால் வடிவத்துக்கு. அதன் முதல் மாதிரியான டிஓஎல்-001-இல் தனி டிஜிட்டல் துளை இருக்கிறது. அதில் செருகும் எச்டிஎம்ஐ அடாப்டர் ஒன்று வாங்கினால் கேம்கியூப் வேலை அதோடு முடிந்தது. டிஓஎல்-101-இல் அந்தத் துளையை எடுத்துவிட்டார்கள்.

மெகா டிரைவில் எஸ்-வீடியோவே கிடையாது. காம்போசிட் படத்தில் வானவில் பட்டைகள் நெளியும். ஆர்ஜிபி படமோ மிகத் தெளிவு. முதல் மாடலின் பின்பக்க ஏவி துளை மோனோ ஒலிதான் தரும். ஸ்டீரியோ வேண்டுமென்றால் முன்பக்க ஹெட்போன் துளையிலிருந்து தனியாக எடுக்க வேண்டும். இரண்டாவது மாடலில் ஏவி துளையிலேயே ஸ்டீரியோ உண்டு.

ஆர்ஜிபிக்கு மாறும் முன் மெகா டிரைவ்காரர்கள் ஒன்று யோசிக்க வேண்டும். சோனிக் விளையாட்டின் அருவி செங்குத்துக் கோடுகளால் வரையப்பட்டது. காம்போசிட்டின் மங்கல்தான் அந்தக் கோடுகளைக் கரைத்து அருவியை ஒளி ஊடுருவுவதாகக் காட்டுகிறது. ஆர்ஜிபியில் வரிவரியாகத் தெரியும். வரைந்தவர்கள் எதை மனத்தில் வைத்து வரைந்தார்களோ அதைக் காட்ட வேண்டும் என்று நினைப்பவர் தரமான காம்போசிட் பதிவையே தேர்ந்தெடுக்கலாம்; அதில் தவறில்லை.

பிளேஸ்டேஷன் 1-க்கும் 2-க்கும் ஒரே ஏவி துளை. பிளேஸ்டேஷன் 2-க்குக் காம்பொனென்ட் கேபிள் போடுங்கள். ஆனால் அதே கேபிளில் பிளேஸ்டேஷன் 1 வட்டைப் போட்டால் காம்பொனென்ட் வழியாக 240பி வரும், பல கேப்சர் கார்டுகள் அதை ஏற்காமல் கறுப்புத் திரை காட்டும். டிரீம்காஸ்டுக்கு விஜிஏ கேபிள். சில விளையாட்டுகள் மட்டும் விஜிஏவில் ஓட மறுக்கும்.

ஆர்ஜிபி சிக்னலைக் கொண்டுவரும் ஸ்கார்ட் பிளக் கேபிள் வாங்கும்போது இரண்டு எச்சரிக்கைகள். ஐரோப்பிய ஸ்கார்டும் ஜப்பானிய ஜேபி21-உம் பார்வைக்கு ஒரே பிளக். உள்ளே கம்பி அமைப்பு வேறு, மாற்றிச் செருகினால் கருவி பழுதாகலாம். இன்னொன்று, சூப்பர் நின்டெண்டோவின் ஆர்ஜிபி கேபிள் பால் கன்சோலுக்கு வேறு, என்டிஎஸ்சி கன்சோலுக்கு வேறு. ஒன்றில் ரெசிஸ்டர், மற்றதில் கெப்பாசிட்டர் இருக்கும். தவறானதைப் போட்டால் படம் கண் கூசும் அளவுக்கு வெளிறும், அல்லது இருண்டுவிடும்.

கேப்சர் கருவி

இங்கே இரண்டு பாதைகள். முதலாவது, காம்போசிட், எஸ்-வீடியோ துளைகள் கொண்ட யுஎஸ்பி கருவியைக் கணினியில் நேரடியாகச் செருகுவது. ஈசிகேப் என்ற பெயரில் விற்பவை இந்த வகை. ஒரே உறைக்குள் எஸ்டிகே1160, இஎம்2860, யுடிவி007 என்று வெவ்வேறு சிப்கள் வரும். எது வந்திருக்கிறது என்று செருகிப் பார்க்கும்வரை தெரியாது. சிப்புக்கு ஏற்ற டிரைவர் கிடைப்பதுதான் இதில் பெரிய பாடு. எஸ்டிகே1160 என்றால் லினக்ஸ் கெர்னலிலேயே டிரைவர் உண்டு. இவை 240பி சிக்னலை 480ஐ என்றே எடுத்துக்கொள்ளும். ஆனால் இரண்டு ஃபீல்டுகளையும் கலைக்காமல் கோடு மாற்றிக் கோடாக அடுக்கித் தருவதால் மென்பொருளில் மீண்டும் பிரித்து 60 பிரேம் ஆக்கிவிடலாம். மலிவாகத் தொடங்க இது போதும். எஸ்-வீடியோவையே பயன்படுத்துங்கள்.

இரண்டாவது பாதை, கன்சோலுக்கும் கணினிக்கும் நடுவில் 240பி புரிந்த ஒரு ஸ்கேலர் (படத்தைப் பெரிதாக்கித் தரும் பெட்டி) வைத்து எச்டிஎம்ஐ ஆக்கி, அதை எச்டிஎம்ஐ கேப்சர் கார்டில் எடுப்பது. பழைய கன்சோல்களைத் தொடர்ந்து பதிவுசெய்ய நினைப்பவருக்கு நாங்கள் சொல்வது இதைத்தான்.

ஸ்கேலர் என்று சொல்லும்போது, ஏவியை எச்டிஎம்ஐ ஆக்கும் சிறிய பிளாஸ்டிக் பெட்டிகளை நினைக்க வேண்டாம். அவை 240பி சிக்னலைப் பின்னிக் குழப்பி, 4:3 படத்தை 16:9 ஆக இழுத்து, 720பி அல்லது 1080பி என்று வெளியே தள்ளிவிடும். பின்னிய படத்தை இழுத்துப் பெரிதாக்கிய பிறகு கோடுகளைப் பிரிக்க எந்த மென்பொருளாலும் முடியாது. ஈசிகேப் தரும் படத்தையாவது காப்பாற்றலாம், இதைக் காப்பாற்றவே முடியாது.

ரெட்ரோடிங்க் 2எக்ஸ் காம்போசிட், எஸ்-வீடியோ, காம்பொனென்ட் எடுத்து, கோடுகளை இரட்டித்து 480பி தரும். எளிமையானது, தாமதம் கிட்டத்தட்ட இல்லை. ஓஎஸ்எஸ்சி ஆர்ஜிபி ஸ்கார்ட், காம்பொனென்ட், விஜிஏ எடுக்கும். காம்போசிட்டும் எஸ்-வீடியோவும் எடுக்காது. 240பி சிக்னலை 2 முதல் 5 மடங்கு வரை பெருக்கும். ஆனால் அதற்குள் பிரேம் சேமிக்கும் இடம் இல்லாததால் கன்சோலின் வேகத்தை அப்படியே வெளியே அனுப்பும். என்இஎஸ்ஸும் சூப்பர் நின்டெண்டோவும் துல்லியமாக 60 இல்லை, நொடிக்கு 60.0988 பிரேம். தொலைக்காட்சி இதைப் பொறுத்துக்கொண்டாலும் பல கேப்சர் கார்டுகள் பொறுப்பதில்லை. படம் விட்டுவிட்டு வரும். ஓஎஸ்எஸ்சி வைத்திருப்பவர்கள் 2 மடங்கில் தொடங்கி, கார்டு தாங்கினால் மேலே ஏறுங்கள். ரெட்ரோடிங்க் 5எக்ஸ் காம்போசிட், எஸ்-வீடியோ, காம்பொனென்ட், ஆர்ஜிபி ஸ்கார்ட் எடுத்து, உள்ளே சேமித்து, ஒழுங்கான 1080பி தருவதால் கேப்சர் கார்டுகளோடு சண்டை குறைவு. விலை கூடுதல். கைவேலை தெரிந்தவர்களுக்கு ஜிபிஎஸ்-கன்ட்ரோல் உண்டு: ஜிபிஎஸ்-8200 என்ற மலிவான போர்டில் இஎஸ்பி8266 சிப்பைச் சேர்த்துத் திறந்த மூல மென்பொருளை ஏற்றுவது.

எச்டிஎம்ஐ கேப்சர் கார்டு விஷயத்தில் ஒரு குறிப்பு. கட்டைவிரல் அளவில் கிடைக்கும் மலிவான குச்சிகளில் பல எம்எஸ்2109 சிப் கொண்டவை, யுஎஸ்பி 2.0 வேகத்தில் ஓடுபவை. 1080பி தேர்ந்தெடுத்தால் நொடிக்கு 30 பிரேம்தான் தரும்; 60 வேண்டுமென்றால் 720பி அல்லது அதற்குக் கீழே. அதோடு, ஒலியைக் கணினிக்கு 96 கிலோஹெர்ட்ஸ் மோனோ என்று தவறாகச் சொல்லும். ஸ்டீரியோ முக்கியம் என்றால் கன்சோலின் ஒலியைத் தனியாகக் கணினியின் லைன்-இன் துளைக்குக் கொண்டுபோங்கள். யுஎஸ்பி 3.0-இல் உண்மையாகவே 1080பி 60 தரும் கார்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண்போகாது.

விளையாடுவது எந்தத் திரையில்

கணினியில் தெரியும் முன்னோட்டத்தைப் பார்த்து விளையாட முடியாது. சிக்னல் கணினிக்குள் போய்த் திரைக்கு வருவதற்குள் பல பிரேம்கள் கடந்துவிடும். குதிக்க வேண்டிய இடத்தில் விழுவீர்கள். எச்டிஎம்ஐ பாதையில், வந்த சிக்னலை அப்படியே வெளியே விடும் லூப்-அவுட் துளை உள்ள கார்டை வாங்குங்கள், அல்லது ஸ்கேலருக்குப் பிறகு ஒரு எச்டிஎம்ஐ ஸ்பிளிட்டர் போட்டு ஒரு கிளையைத் தொலைக்காட்சிக்கு விடுங்கள்.

குழாய்த் தொலைக்காட்சியில் விளையாட விரும்பினால் அனலாக் பக்கத்திலேயே பிரிக்க வேண்டும். வெறும் ஒய்-பிளக் போட்டுப் பிரித்தால், 75 ஓம் சுமை இரண்டு இணையாகச் சேர்ந்து மின்னழுத்தம் மூன்றில் இரண்டாகக் குறையும். இரு பக்கமும் படம் மங்கும், கேப்சர் கருவி ஒத்திசைவை இழக்கவும் கூடும். இதற்கென்றே உள்ள மின்சாரத்தில் இயங்கும் வீடியோ விநியோகப் பெருக்கியைப் போடுங்கள். டக் ஹன்ட் போலத் துப்பாக்கியால் சுடும் விளையாட்டுகளுக்கு வேறு வழியே இல்லை. அந்த ஒளித் துப்பாக்கி குழாய்த் திரையில்தான் வேலை செய்யும்.

இணைப்பதும் அமைப்பதும்

கீழே உள்ளது ஓபிஎஸ் ஸ்டூடியோ என்ற பதிவு மென்பொருளுக்கான வரிசை. இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

1. முதலில் அடாப்டரைப் பாருங்கள். மெகா டிரைவ் முதல் மாடலுக்கு 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ். இரண்டாவது மாடலுக்கு 10 வோல்ட், நடுமுனை பாசிட்டிவ். என்இஎஸ்ஸோடு வந்த அடாப்டர் ஏசி மின்சாரம் தருவது, ஃபாமிகாமுக்கு வேண்டியதோ டிசி. பிளக் பொருந்துகிறது என்பதற்காகச் செருகாதீர்கள், கன்சோல் போய்விடும்.

2. கேட்ரிட்ஜின் செம்பு முனைகளை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்து, காய்ந்த பிறகு செருகுங்கள். வாயால் ஊத வேண்டாம், ஈரம் முனைகளை அரிக்கும்.

3. கன்சோலை நேரடியாகத் தொலைக்காட்சியில் இணைத்துப் படம், ஒலி இரண்டும் சரியா என்று பாருங்கள். இதைத் தாண்டிக் குதித்தால், பிறகு எதில் கோளாறு என்று கண்டுபிடிக்க ஒரு பொழுதே போய்விடும்.

4. கேப்சர் கருவியைக் கணினியின் யுஎஸ்பி துளையிலேயே செருகுங்கள், ஹப் வேண்டாம். பிறகு ஓபிஎஸ்ஸைத் திறந்து, செட்டிங்ஸில் வீடியோ பகுதிக்குப் போய்க் கேன்வாஸ் அளவை 1920×1080 என்றும், பிரேம் வேகத்தை என்டிஎஸ்சி கன்சோலுக்கு 60, பால் கன்சோலுக்கு 50 என்றும் வையுங்கள். கருவி தானே 59.94 என்று நிலைப்படுத்தித் தந்தால் இங்கும் 59.94. சூப்பர் நின்டெண்டோவின் 60.0988 பிரேமை 60-இல் எடுக்கும்போது ஏறக்குறைய 10 நொடிக்கு ஒரு பிரேம் விடுபடும். அது கோளாறு அல்ல, கணக்கு.

5. வீடியோ கேப்சர் டிவைஸ் ஒன்றைச் சேர்த்து உங்கள் கருவியைத் தேர்ந்தெடுங்கள். ரெசல்யூஷனை டிவைஸின் போக்குக்கு விடாமல் கஸ்டம் ஆக்குங்கள். ஈசிகேப் வகை என்றால் 720×480, பால் என்றால் 720×576. உயரம் மட்டும் மாறவே கூடாது; டிரைவர் 480-ஐ வேறு உயரத்துக்குச் சுருக்கினால் இரண்டு ஃபீல்டுகளும் கரைந்துவிடும். நிற வடிவத்தில் ஒய்யுஒய்2 இருந்தால் அதையே எடுங்கள். கலர் ஸ்பேஸ் 601. கறுப்பு சாம்பலாகத் தெரிந்தாலோ, இருட்டுக் குகைகளில் விவரம் மூழ்கினாலோ கலர் ரேஞ்சை மாற்றிப் பாருங்கள்.

6. இப்போது முக்கியமான படி. சோர்ஸின் மேல் வலது கிளிக் செய்து பின்னிய ஃபீல்டுகளைப் பிரிக்கும் டீஇன்டர்லேசிங் பட்டியலைத் திறங்கள். ஈசிகேப் வழி வரும் 240பி கன்சோலுக்கு ரெட்ரோ என்ற தேர்வு. ஒவ்வொரு ஃபீல்டையும் முழுப் படமாகவே எடுத்துக்கொள்வதற்கென்று அது இருக்கிறது. உண்மையான 480ஐ சிக்னல் தரும் பிளேஸ்டேஷன் 2-க்கு யாடிஃப் 2எக்ஸ். வெறும் யாடிஃப் எடுத்தால் 30 பிரேம்தான் வரும். ஸ்கேலர் வழி வந்தால் டிஸேபிள், ஏனென்றால் பிரிக்க ஒன்றுமில்லை. அசைவு முன்னும் பின்னுமாகத் துள்ளினால் ஃபீல்டு வரிசையைத் தலைகீழாக மாற்றுங்கள்.

7. ஓரத்தில் தெரியும் கறுப்புப் பட்டைகளை ஆல்ட் விசையை அழுத்தியபடி இழுத்து வெட்டுங்கள். பிறகு எடிட் டிரான்ஸ்ஃபார்மில் படத்தின் அளவை 1440×1080 ஆக்கினால் 4:3 சரியாக வரும். 16:9 முழுக்க இழுத்துவிடாதீர்கள். மரியோ குண்டாகிவிடுவார், வட்டங்கள் முட்டையாகும். கேம் பாய் அட்வான்ஸ் மட்டும் 3:2, அதன் 240×160 படத்தை 6 மடங்காக்கினால் 1440×960.

8. ஒலிக்கு அதே சோர்ஸின் அமைப்பில் கேப்சர் ஆடியோ ஒன்லி என்று வைத்து, செட்டிங்ஸின் ஆடியோ பகுதியில் சாம்பிள் வேகத்தை 48 கிலோஹெர்ட்ஸ் ஆக்குங்கள். ஆட்டத்தில் மிகச் சத்தமான இடம் ஒலி அளவுகோலில் -6 டெசிபெல்லைத் தொட்டால் போதும்.

9. படமும் ஒலியும் பொருந்துகிறதா என்று சோதிக்க, ஆட்டத்தை நிறுத்திவைக்கும் பாஸ் (pause) பொத்தானை அழுத்தும் சில நொடிகளைப் பதிவுசெய்து பிரேம் பிரேமாக நகர்த்திப் பாருங்கள். ஒலி 5 பிரேம் முந்தி வந்தால், ஒரு பிரேம் 16.7 மில்லிநொடி, ஆக சுமார் 83 மில்லிநொடியை அட்வான்ஸ்டு ஆடியோ பகுதியில் சிங்க் ஆஃப்செட்டாகக் கொடுங்கள். இந்த எண் கருவிக்குக் கருவி மாறும், ஒரே கருவிக்குப் பெரிதாக மாறாது.

10. பதிவு வடிவம் எம்கேவி. நடுவில் கணினி நின்றாலும் அதுவரை எடுத்தது மிஞ்சும். சாதாரண எம்பி4 என்றால் முழுக் கோப்பும் போகலாம். முடிந்ததும் ஓபிஎஸ்ஸின் ரீமக்ஸ் மூலம் எம்பி4 ஆக்கிக்கொள்ளுங்கள். என்கோடரில் நிலையான பிட்ரேட்டை விட்டுவிட்டுத் தரத்தை வைத்து அளவிடும் சிக்யூபி 16 முதல் 20 வரை, அல்லது எக்ஸ்264-இல் சிஆர்எஃப் 16 வையுங்கள். நொடிக்கு 25 மெகாபிட் வந்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 11 ஜிகாபைட். சுருக்காத 720×480 ஒய்யுஒய்2 என்றால் மணிக்கு 75 ஜிகாபைட்டை நெருங்கும். வெளி டிஸ்க் ஃபேட்32 வடிவில் இருந்தால் 4 ஜிகாபைட்டில் பதிவு முறிந்துவிடும், முதலிலேயே மாற்றி ஃபார்மட் செய்துவிடுங்கள்.

படம் வராதபோது

படம் கறுப்பு வெள்ளையில் வந்தால் பெரும்பாலும் வீடியோ ஸ்டாண்டர்டு தவறு. கருவி பால் எதிர்பார்க்கிறது, கன்சோல் என்டிஎஸ்சி அனுப்புகிறது. கான்ஃபிகர் வீடியோவில் என்டிஎஸ்சி-எம் என்று மாற்றுங்கள். அதிலும் சரியாகவில்லை என்றால் எஸ்-வீடியோ பிளக்கின் ஊசிகளைப் பாருங்கள். வளைந்த ஊசி நிறத்தை மட்டும் விழுங்கும்.

பிளேஸ்டேஷன் 2-இல் காம்பொனென்ட் கேபிள் போட்டதும் திரை பச்சையாகவோ நிறம் குலைந்தோ தெரிந்தால், கன்சோலின் சிஸ்டம் அமைப்பில் வீடியோ வெளியீடு ஆர்ஜிபி என்று இருக்கிறது. காம்போசிட் கேபிளை மாட்டி, உள்ளே போய் ஒய் சிபி சிஆர் ஆக்கிவிட்டு மீண்டும் காம்பொனென்டுக்கு வாருங்கள். கேம்கியூபில் 480பி வரவில்லை என்றால், விளையாட்டு தொடங்கும்போது பி பொத்தானை அழுத்திப் பிடித்திருங்கள்; ஆதரிக்கும் விளையாட்டு, 480பி வேண்டுமா என்று கேட்கும்.

ஆட்டம் நன்றாகப் போய்க்கொண்டிருந்து, பட்டியல் திரைக்குப் போனதும் இரண்டு மூன்று நொடி கறுத்துவிடுகிறதா? விளையாட்டு 240பி சிக்னலிலிருந்து 480ஐ சிக்னலுக்குத் தாவியிருக்கிறது. குரோனோ கிராஸ் இதற்குப் பேர்போனது. கோடு பெருக்கும் ஸ்கேலர்களும் கேப்சர் கார்டும் ஒவ்வொரு தாவலுக்கும் புதிதாக ஒத்திசைய வேண்டியிருக்கும். இப்படிப்பட்ட விளையாட்டுகளுக்கு உள்ளே சேமிப்பு உள்ள ஸ்கேலர்தான் தீர்வு. விந்தையாக, எளிய ஈசிகேப்பும் இங்கே தடங்கலின்றி ஓடும், எல்லாவற்றையும் 480ஐ என்றே அது நினைப்பதால்.

ஒலியில் இரைச்சல் இரண்டு வகை. திரை வெள்ளையாகும்போது மட்டும் ரீங்காரம் கூடினால், வீடியோ சிக்னல் ஒலிக் கம்பிக்குள் கசிகிறது. ஒவ்வொரு கம்பிக்கும் தனிக் கவசம் உள்ள கேபிள் வாங்குங்கள். எப்போதும் ஒரே அளவில் முனகல் இருந்தால் தரையிணைப்புச் சுழற்சி. மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். முனகல் நின்றால் காரணம் அதுதான், ஒலிப் பாதையில் ஒரு ஐசொலேட்டர் போட்டால் அடங்கும்.

பிளேஸ்டேஷன் 3-ஐ எச்டிஎம்ஐ வழியாக எடுத்தால் கறுப்புத் திரைதான், ஏனென்றால் அது விளையாட்டுக்கும் நகலெடுப்பைத் தடுக்கும் எச்டிசிபி பூட்டு போடுகிறது. காம்பொனென்ட் கேபிளில் பூட்டு இல்லை. எக்ஸ்பாக்ஸ் 360-இல் விளையாட்டுகளுக்கு அந்தத் தொல்லை இல்லை.

கையில் பிடித்து ஆடும் கன்சோல்கள்

கேம் பாய், கேம் பாய் கலர், அட்வான்ஸ் மூன்றுக்கும் கேம்கியூபில் பொருத்தும் கேம் பாய் பிளேயர் நல்ல வழி. சூப்பர் நின்டெண்டோவின் சூப்பர் கேம் பாய் மலிவானது, ஆனால் என்டிஎஸ்சி கன்சோலில் அசலைவிட சுமார் 2.4 விழுக்காடு வேகமாக ஓடும். இசையின் சுருதியே ஏறிவிடும், விளையாட்டை எவ்வளவு விரைவில் முடிக்கிறோம் என்று காட்டும் ஸ்பீட்ரன் பதிவுகளுக்கு ஆகாது. ஜப்பானில் வந்த சூப்பர் கேம் பாய் 2 இதைத் திருத்தியது. பிஎஸ்பி-2000 முதல் ஏவி துளை உண்டு. 2000-இல் விளையாட்டுப் படம் காம்பொனென்ட் வழியாக மட்டுமே வரும், அதுவும் 720×480 திரையின் நடுவில் 480×272 அளவில், சுற்றிலும் கறுப்பாக. ஓபிஎஸ்ஸில் வெட்டிப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். டிஎஸ், 3டிஎஸ் இரண்டுக்கும் உள்ளே போர்டு பொருத்த வேண்டும், புதியவர் கைவைக்கும் வேலை அல்ல.

வெட்டித் தொகுத்துப் பதிவேற்றும்போது

எடிட்டிங் மென்பொருளில் புதிய டைம்லைன் திறந்ததும் அதன் வேகம் 60 என்று உறுதிசெய்யுங்கள். பல மென்பொருள்கள் 24 அல்லது 30-இல் திறக்கும். அப்படி விட்டால் இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய மின்னும் பிரேம்கள் எல்லாம் அங்கே போய்விடும்.

யூட்யூப் 60 பிரேமை 720பி அல்லது அதற்கு மேல்தான் காட்டும். 480பி கோப்பை ஏற்றினால் 30-ஆகக் குறைத்துவிடும். அதனால் ஏற்றுவதற்கு முன் பெரிதாக்குங்கள், முடிந்தால் 1440பி அல்லது 2160பி வரை. பெரிய அளவில் ஏற்றும் வீடியோவுக்கு யூட்யூப் கூடுதல் பிட்ரேட் தருவதால் வேகமாக நகரும் பின்னணிகள் கட்டம் கட்டமாக உடையாது. பெரிதாக்கும்போது ஒவ்வொரு புள்ளியையும் மங்கலின்றி அப்படியே பெருக்கும் நியரஸ்ட் நெய்பர் முறையை, முழு எண் மடங்கில் பயன்படுத்துங்கள். பைகியூபிக் என்ற முறை புள்ளிகளின் ஓரத்தைக் குழப்பும். இதில் இன்னொரு ஆதாயமும் உண்டு. வழக்கமான வீடியோ வடிவங்கள் நிறத்தை நீளம், அகலம் இரண்டிலும் பாதித் தெளிவில்தான் சேமிக்கின்றன. அசல் அளவிலேயே சேமித்தால் சிவப்பு எழுத்துகளும் நீலப் பின்னணியில் நிற்கும் பாத்திரங்களும் கலங்கும். குறைந்தது இரண்டு மடங்கு பெரிதாக்கிவிட்டுச் சேமித்தால், ஒவ்வொரு அசல் புள்ளிக்கும் தன் நிறம் முழுதாகக் கிடைக்கும்.